ஐஸ் போடாத இருபத்தைந்து நாள்

மகன் கரை வந்து சேர்வதற்குள் அன்னக்கிளி பாதி ஊருக்குச் சொல்லி முடித்துவிட்டாள். ஜெபமாலை முடிந்து கோவில் வாசலில் செருப்புத் தேடிக்கொண்டிருந்தவர்களிடம் சொன்னாள். ரேஷன் கடை வரிசையில் சொன்னாள். சாளை மீன் விற்க வந்தவள் தலையிலிருந்து பாத்திரத்தை இறக்கும் முன்பே அவளிடமும் சொன்னாள்.

"எனக்க மருமவளுக்கு இது நாலாவது. மூணும் பொம்பளப் பிள்ளையாப் போச்சு. இந்த மட்டம் மாதா கண்ணு தொறப்பா."

சமையலறை வாசலில் கால் நீட்டி உட்கார்ந்து தூண்டில் கட்டிக்கொண்டிருந்த பெமிலாவுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. ஆழ்கடல் போட்டுகள் மைல் கணக்கில் நீளும் கயிற்றைக் கடலில் இறக்கும். அந்தக் கயிற்றில் வரிசையாகத் தொங்கும் நைலான் நரம்புகளின் நுனியில் தூண்டிலைக் கோத்து, முடிச்சிட்டு, இழுத்துப் பார்த்துப் பெட்டியில் அடுக்கும் வேலை அவளுக்கு. ஒரு நாளைக்கு நூறு கட்டுகிற கை அது. இரண்டு வாரமாக முப்பதைத் தாண்டவில்லை. கட்டியதிலும் பாதியை அவிழ்த்துத் திரும்பக் கட்ட வேண்டியிருந்தது.

குமட்டல் ஒரு காரணம். மற்றக் காரணம் அவளுக்கும், புருஷன் ஷாஜனுக்கும், துணை சுகாதார நிலையத்து ராஜபாய் சிஸ்டருக்கும் மட்டுமே தெரியும்.

ஷாஜன் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவன்.

மூன்று பிள்ளைகளும் வயிற்றைக் கீறிப் பிறந்தவர்கள். மூன்றாவதுக்கு ரத்தம் நிற்காமல் போய் ஐந்து பாட்டில் ஏற்றினார்கள். இன்னொன்று தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த நிலையில் அவளுக்கே ஆபரேஷன் செய்யவும் அவர்கள் துணியவில்லை. "நீ இனி கத்தியக் காணாண்டாம் பிள்ளே. நான் போறேன்" என்றான் ஷாஜன். சொன்னபடியே, ஜூலைக் கடைசியில், மீன்பிடித் தடைக்காலம் முடிய நாலு நாள் இருக்கும்போது போய்விட்டு வந்தான். அரை மணி நேர வேலை. முதுகு வலிக்கு ஊசி என்று அம்மாவிடம் சொன்னான். கோவில் அதைப் பாவம் என்று சொல்லும். அன்னக்கிளி அதை எட்டு வீட்டுக்குக் கேட்கச் சொல்லுவாள். அன்று அவன் காலை அகட்டி அகட்டி நடந்து வந்ததைப் பார்த்துப் பெமிலா சிரித்தாள். சிரித்துக்கொண்டே அடுப்புப் பக்கம் திரும்பி நின்று அழுதாள். இப்படி ஒருவனைத் தனக்குக் கொடுத்ததற்கு மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றலாம் என்றால், எதற்கென்று சொல்லி ஏற்றுவது என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் நாலாம் தேதி அவன் கடலுக்குப் போனான். காற்று எச்சரிக்கை வந்ததால் போட்டு இருபத்தைந்தாம் நாளே திரும்பியது. ஆறு நாள் வீட்டில் இருந்தான். திரும்பப் போனவன் முப்பத்தைந்து நாள் கழித்து இன்றுதான் வருகிறான். நடுக்கடலில் போன் எடுக்காது. அந்த ஆறு நாளையும் அவள் விரல் மடக்கி எண்ணி எண்ணித் தேய்த்துவிட்டாள். கணக்கு ஒவ்வொரு முறையும் சரியாகத்தான் வந்தது. ஆனால் அந்தக் கணக்கை அவன் எப்படிப் போடுவான் என்பதுதான் தெரியவில்லை.

பதினோரு மணிக்கு ஆட்டோ வந்து நின்றது. தாடியும் உப்பு படிந்த சட்டையுமாக இறங்கினான் ஷாஜன். கையில் சாக்கில் சுற்றிய பெரிய பாறை மீன். கடலிலிருந்து வந்தால் தன் பங்கில் ஒரு பாறையை வீட்டுக்குக் கொண்டு வருவது அவன் வழக்கம். தலை அவனுக்கு. அதில் கன்னத்துச் சதையைப் பிய்த்து பெமிலாவுக்குக் கொடுப்பான், அம்மா பார்க்காத நேரமாகப் பார்த்து.

அன்னக்கிளி வாசலிலேயே மறித்துக்கொண்டாள்.

"எலே மக்கா, கேட்டியா. உனக்க பெண்டாட்டி முழுகாம இருக்கா."

அவன் மீனை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றினான்.

"எந்து?"

"எந்தோ? இவன் ஒண்ணும் அறியாதவன். நீ ஓணத்துக்கு முன்ன வந்துட்டு போனேல்ல, அப்ப உள்ளது. ரெண்டு மாசம் ஆவப் போவுது."

ஷாஜன் அம்மாவின் தலைக்கு மேலாகப் பெமிலாவைப் பார்த்தான். அவள் தூண்டில் பெட்டியை மடியிலிருந்து இறக்கவில்லை. அவன் முகத்தில் முதலில் பயம் வந்தது. ஐந்து பாட்டில் ரத்தத்தின் பயம். அதை அவள் பார்த்தாள். அந்தப் பயத்துக்காகவே ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அடுத்த நிமிஷம் அது போய் வேறொன்று வந்தது. அவன் பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

"பாரு, சந்தோசத்துல வாயடச்சுப் போச்சு அவனுக்கு" என்றாள் அன்னக்கிளி.

மத்தியானம் தேங்காய் அரைத்து, குடம்புளி போட்டு, தலைக்கறி கொதித்து இறங்கியது. மரச்சீனிக்கிழங்கும் வெந்தது. ஷாஜன் தட்டைத் தள்ளி வைத்தான்.

"எனக்குக் கொறச்சு கஞ்சி போதும்."

"பாறத் தலைய வேண்டாம்னு சொல்லிய ஷாஜன இன்னைக்குத்தான் காணுதேன்" என்றாள் அம்மா. "கடலுல எந்தாவது கண்டு பயந்துட்டியாலே?"

அவன் கஞ்சியைக் குடித்தான். தலை சட்டியிலேயே கிடந்தது.

மூன்று மணிக்கு அன்னக்கிளி கோவில் கூட்டத்துக்குப் போனாள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து வர இன்னும் நேரம் இருந்தது. மேற்கே கடலரிப்புக்குப் போட்ட கல்லுக்கு மேலாக அலை எழும்பி எழும்பித் தெறித்தது. மலைப் பக்கம் இடி உருண்டது. ஷாஜன் வந்து அவளுக்கு எதிரே உட்கார்ந்து ஒரு நரம்பை எடுத்துத் தூண்டில் கோக்க ஆரம்பித்தான். அவள் ஒன்று கட்டினாள். அவன் ஒன்று கட்டினான். இருவர் கையும் ஒரே பெட்டிக்குள் போய் வந்தன, தொட்டுக்கொள்ளாமல். பத்துப் பன்னிரண்டு தூண்டில் ஆகியிருக்கும்.

"யாரு?" என்றான்.

இரண்டு வாரமாக அவள் எத்தனையோ கேள்விக்குப் பதில் தயாரித்து வைத்திருந்தாள். இத்தனை மெதுவாக, இத்தனை சின்னதாக ஒரு கேள்வி வரும் என்று நினைக்கவில்லை.

"யாருன்னா?"

"நான் அறுத்தவன், பெமிலா."

"அறுத்ததும் எனக்குத் தெரியும். அதுக்குப் பொறவு ஆறு நாளு நீங்க இஞ்ச கெடந்ததும் எனக்குத் தெரியும்."

"அதுக்குள்ள ஒரு மாசம் ஆச்சுல்லா. ஒரு மீன எடுத்து ஐஸ் போடாம வச்சா மறுநாளே நாறிப் போவும். இருபத்தஞ்சு நாளு ஐஸ் இல்லாம எது உயிரோட கெடக்கும்? சொல்லு."

அவள் அவனை ஏறிட்டுப் பார்த்தாள். அப்படியென்றால் ஆகஸ்டில் 'இனி பயப்படாண்டாம்' என்று அவன் சொன்னது இந்தக் கணக்கை வைத்துத்தான். பதினெட்டு வயதிலிருந்து மீனும் ஐஸுமாகக் கிடந்தவன், தன் உடம்பையும் ஒரு போட்டாகவே நினைத்துக் கணக்குப் போட்டிருக்கிறான்.

"மூணு மாசம்னு சிஸ்டர் சொன்னாவ. டெஸ்ட் எடுத்துப் பாத்த பொறவுதான்னு சொன்னாவ. அது வர போடியதுக்குப் பாக்கெட்டும் தந்தாவ."

"பாக்கெட்டு..." என்று தொடங்கியவன் நிறுத்தினான்.

அந்தப் பாக்கெட் கதை இருவருக்கும் தெரியும். அம்மா கண்ணில் பட்டுவிடும் என்று அவன் அந்த நிரோத் பாக்கெட்டுகளைப் போட்டில் தன் பெட்டிக்குள் ஒளித்து வைத்தான். கூட்டாளிகள் கண்டுபிடித்து, தண்ணீர் படாமல் இருக்க ஆளுக்கொன்று செல்போனுக்குப் போட்டுக்கொண்டார்கள். நடுக்கடலில் பன்னிரண்டு போனுக்கும் நிரோத். ஆகஸ்டில் அவன் அதைச் சொன்னபோது பெமிலா வயிறு வலிக்கச் சிரித்தாள்.

"அன்னைக்குச் சிரிச்சோம்லா" என்றாள் இப்போது.

அவன் சிரிக்கவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"பிள்ளையள ஸ்கூலுக்குக் கொண்டு போறது ஜெபிஷ்தானே. ஸ்கேன் எடுக்கியதுக்கும் அவனுக்க ஆட்டோலதான் போனியா?"

பெமிலா கையிலிருந்த தூண்டிலைப் பார்த்து, முனை யாருக்கும் குத்தாமல், மெதுவாகப் பெட்டிக்குள் வைத்தாள்.

"அவனுக்க பேர ஒரு மட்டம் சொல்லியாச்சு. இன்னொரு மட்டம் சொன்னா நான் பிள்ளைய மூணயும் கூட்டிட்டு எனக்க அம்மைக்க வீட்டுக்குப் பெய்ருவேன். பெய்ட்டு வரமாட்டேன். இத நான் கோவத்துல சொல்லல்ல."

மதிலுக்கு அப்பால் பக்கத்து வீட்டு ஜின்சியின் தலை தெரிந்தது. துணி எடுக்க வந்தவள்.

"ஷாஜனண்ணா, முட்டாய் இல்லியா? திரும்பயும் அப்பன் ஆவப் போறியளாம்."

"வாங்கித் தாறேன் ஜின்சி" என்றான் ஷாஜன். குரல் எப்படியோ வந்துவிட்டது. பெமிலாவும் சிரித்துவைத்தாள். ஒருவரையொருவர் பார்க்காமல் இருவரும் ஒரே மதிலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலை அவளே அவனைத் துணை சுகாதார நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். ராஜபாய் சிஸ்டர் கருங்கல் பக்கத்துக்காரி. முப்பது வருஷமாக இந்தக் கடற்கரையில் ஊசி போட்டு, மீன்காரிகளோடு சண்டை போட்டு, அவர்களைவிடப் பலமாகப் பேசப் பழகியவர். பெமிலாவின் அட்டையைப் பார்த்ததும் கதவை அடைத்தார்.

"மூணு கீறலுக்கு மேல நாலாவது. மாசாமாசம் பெரிய ஆஸ்பத்திரியில காட்டணும், ரத்தம் குறையாமப் பாக்கணும். அது ஒரு பக்கம் கெடக்கட்டும். ஷாஜனே, நான் உனக்கிட்ட என்ன சொன்னேன்?"

"மூணு மாசம்னு சொன்னிய சிஸ்டர்."

"நீ எத்தன நாளு பொறுத்த?"

"ஒரு மாசம். அதுல இருபத்தஞ்சு நாளு கடலுல. அதுக்குள்ள உள்ளதெல்லாம் செத்துப் பெய்ருக்கும்னு..."

"ஐஸ் போடாத மீனு மாதிரின்னு" என்றாள் பெமிலா. அவள் குரலில் ஒன்றும் இல்லை.

சிஸ்டர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். பிறகு நாற்காலியை இழுத்து ஷாஜனுக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"இஞ்ச பாரு. விதையில உண்டாவும்போ உயிரணுவுக்கு நீந்தத் தெரியாது. வாலு இருக்கும். ஆனா நேரா நீந்திப் போவத் தெரியாது. விதைக்க மேல ஒரு குழாய் சுருண்டு ஒட்டிக் கெடக்கு. கண்டா உனக்க விரலு அளவுகூட இருக்காது. பிரிச்சு நீட்டினா ஆறு மீட்டர், இந்த ரூமத் தாண்டிப் பெய்ரும். அதுக்குள்ள பைய நவுந்து வரதுக்குப் பத்துப் பன்னெண்டு நாளு எடுக்கும். அந்த வழியிலதான் அது தேறும். மேத்தோலு மாறும். வாலுக்குப் பலம் வரும். நீந்தப் படிக்கும்."

ஷாஜன் தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். சிறு வயதில் அவனை அப்பா வள்ளத்திலிருந்து தூக்கித் தண்ணீரில் போட்டுத்தான் நீந்தப் படிப்பித்தார் என்று பெமிலாவிடம் சொல்லியிருக்கிறான். அது ஞாபகம் வந்ததோ என்னவோ, காதுமடல் சிவந்திருந்தது.

"ஓங்கலுக்கும் இப்படித்தானா சிஸ்டர்?" என்றான் திடீரென்று. போட்டுக்கு முன்னால் துள்ளிப் போகும் ஓங்கல் என்கிற டால்பின்களைத்தான் கடலில் அவனுக்கு ரொம்பப் பிடிக்கும்.

"பாலு குடுக்கிய எல்லாத்துக்கும் இப்படித்தான். ஓங்கலுக்கும் காளைக்கும் உனக்கும்." சிஸ்டருக்கே சிரிப்பு வந்தது. உடனே அடக்கிக்கொண்டார். "படிச்சு முடிச்சதெல்லாம் குழாய்க்க வால்பக்கம் வந்து சேந்து கெடக்கும். அங்க ஆடாது, அசையாது. ஆடினா சத்து தீந்து பெய்ருமே. அமந்து கெடக்கும். ஐஸ் ஐஸ்னு சொல்லுதியே, உனக்க ஐஸ் ரூம்பு அதுதான்."

"அப்ப அறுத்தது?"

"அறுத்தது அதுக்கும் பொறவு போற குழாய. அறுத்த எடத்துக்கு இந்தப் பக்கம் உள்ளது இனி வராது. அத முன்னமே தாண்டி அந்தப் பக்கம் பெய்ட்டது? அது நீந்தப் படிச்ச கூட்டம். அத யாரு வெளிய விட்டா? நீ கடலுல கெடந்தா அதும் அங்கதான் கெடக்கும். மூணு மாசம்னு சொன்னது காலண்டர் கிழிக்கியதுக்கில்ல மக்கா. அதுக்குள்ள ஒரு இருபது மட்டமாவது வெளிய போவணும். பொறவு டெஸ்ட். இதயும் நான் சொன்னேன். நீ செவர பாத்துட்டு நின்ன, வெக்கப்பட்டு."

"ஒரு மாசம் அது உயிரோட கெடக்குமா?"

"எல்லாருக்கும் கெடக்காது. சிலருக்குக் கெடக்கும். யாருக்குன்னு நானும் சொல்ல முடியாது, டாக்டரும் சொல்ல முடியாது. அதுக்குத்தான் டெஸ்டுன்னு ஒண்ணு வச்சிருக்கு."

அவன் ஸ்கேன் சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தான். சிஸ்டர் தேதியைச் சுட்டிக்காட்டினார். அவன் கரையில் இருந்த அதே வாரம்.

"அஞ்சு நாளு முன்ன பின்ன இருக்கலாம்னு போட்டிருக்கே" என்றான்.

சீட்டில் இருந்த எல்லாவற்றிலும் அந்த ஒரு வரிதான் அவனுக்குக் கண்ணில் பட்டது. பெமிலா ஜன்னலைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

"மார்த்தாண்டத்துல லேபுக்கு எழுதித் தாறேன். இன்னைக்கே பெய்ட்டு வா" என்றார் சிஸ்டர். "ஒண்ணு மட்டும் கேளு. பேப்பருல ஒண்ணும் இல்லன்னு வந்தா அது இன்னைக்குள்ள கணக்கு. ஆகஸ்டு மாசத்துக்க கணக்கு இல்ல. அத வச்சு நீ இவளத் தூக்குல ஏத்தாத. மனசிலாச்சா?"

அவன் தலையாட்டினான். கடலுக்குப் போகும்போது அம்மா சொல்லும் புத்திமதிக்கு ஆட்டுகிற அதே ஆட்டம்.

எழுந்தபோது சிஸ்டர் பெமிலாவின் தோளைத் தொட்டு, அவனுக்கும் கேட்கும்படி சொன்னார்: "இன்னொரு காரியமும் உண்டு. எவ்வளவு படிச்சு வந்தாலும் அதுக்குக் கடைசிப் பாடம் பெண்ணுக்க உடம்புக்குள்ளதான். அங்க கொஞ்ச மணிக்கூறு கெடந்தாத்தான் முட்டைக்குள்ள ஏறியதுக்குத் தெம்பு கிட்டும். படிப்ப முடிச்சுக் குடுக்கியது இவதான். அத ஓர்மையில வச்சுக்கோ."

வெளியே ரோட்டில் ஜெபிஷின் ஆட்டோ வந்து நின்றது. "அண்ணா, எங்க? மார்த்தாண்டமா? ஏறுங்க" என்றான் ஜெபிஷ். ஷாஜன், "நாங்க பஸ்ஸுல போறோம்" என்று சொல்லி வாய் மூடும் முன் பெமிலா ஏறி உட்கார்ந்துவிட்டாள். முந்தானையை இழுத்துச் செருகி, அவனுக்கு இடம் விட்டு, "வாங்க" என்றாள். அவன் ஏறினான்.

ஜெபிஷ் வழியெல்லாம் பேசினான். ரோட்டைக் குறை சொன்னான். டீசல் விலையைச் சொன்னான். "இந்த மட்டம் பையன்தான் அண்ணா. எனக்க அம்மா வேளாங்கண்ணிக்கு நேந்திருக்கா, உங்களுக்காவ" என்றான். முன்னால் மாட்டியிருந்த கண்ணாடியில் தெரிந்த அவன் கண்கள் ரோட்டைத்தான் பார்த்தன. ஷாஜன் அந்தக் கண்ணாடியை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. பெமிலா ஷாஜனை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. ரப்பர் தோட்டங்கள் வந்தன, போயின. மழை ஒரு பொழுது பெய்து நின்றது.

லேபில் இருந்த பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருந்தால் அதிகம். படிவத்தை எழுதிக்கொண்டே தலை நிமிராமல் கேட்டாள்:

"கடைசியா சேந்து எத்தன நாளு ஆச்சு?"

"முப்பத்தாறு" என்றான் ஷாஜன்.

பேனா நின்றது. "மூணா, ஆறா?"

"முப்பத்தாறு. கடலுல கெடந்தேன்."

அவள் எழுதினாள். ஒரு சின்ன டப்பாவை நீட்டி, மாடியில் இடது பக்கத்து அறை என்றாள். புயலில் போட்டின் மூக்கில் நின்று கயிறு பிடிக்கிறவன், அந்த டப்பாவைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு ஏறிப் போவதைப் பெமிலா பார்த்தாள். பாவமாக இருந்தது. அந்தப் பாவம் தனக்கு வந்தது அவளுக்குப் பிடிக்கவில்லை.

முடிவு வர ஒரு மணி நேரம் என்றார்கள். ஜெபிஷைப் போகச் சொல்லிவிட்டார்கள். வராந்தாவில் ஒரு பெஞ்சு. அவன் ஒரு கோடியில், அவள் ஒரு கோடியில். நடுவில் அவளுடைய பை. கீழே ரோட்டில் நேந்திரங்குலை ஏற்றிய வேன் ஒன்று நகர முடியாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே, மூடிய கதவுக்குப் பின்னால், யாரோ ஒரு கண்ணாடிச் சில்லைக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒன்றுமே இல்லை என்று வந்தால்? அது உண்மையாகவே ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். அந்த ஆறு நாளில் எல்லாம் போயிருக்கலாம். உண்மை சொல்லுகிற பேப்பரே தன்னைப் பொய்க்காரி ஆக்கிவிடும்.

"இஞ்ச பாருங்க" என்றாள். "அது வரதுக்கு முன்ன ஒண்ணு சொல்லணும் நீங்க."

"எந்து?"

"பேப்பருல என்ன எழுதியிருந்தாலும், இது உங்களுக்க பிள்ளைன்னு இப்ப சொல்லுங்க. பாத்த பொறவு வேண்டாம். இப்ப."

ஷாஜன் இரண்டு கையையும் கோத்து முட்டியில் வைத்துக் குனிந்திருந்தான். தூண்டில் நரம்பு அறுத்த தழும்புகள் விரலெல்லாம். அவள் காத்திருந்தாள். வேன் நகர்ந்து போனது. அடுத்த வேன் வந்தது.

"பேப்பர் வரட்டும் பிள்ளே" என்றான்.

அவள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அழைத்தபோது இருவரும் எழுந்தார்கள். பேப்பர் ஆங்கிலத்தில் இருந்தது. அந்தப் பெண்ணே படித்துச் சொன்னாள். "ஒண்ணு ரெண்டு கெடக்கு சார். அசைவில்லாதது. இன்னும் சுத்தமாவல்ல. ஒரு மாசம் கழிச்சுத் திரும்ப எடுக்கணும். அது வர பாதுகாப்பு வேணும்."

"இன்னும் இருக்கா?" என்றான் ஷாஜன்.

"இருக்கு. பழசு. அறுத்த எடத்துக்கு அப்பறம் மிச்சம் கெடந்தது."

அவன் முகம் சின்னப் பிள்ளையின் முகம்போல் கோணிக்கொண்டு வந்தது. படியில் இறங்கும்போது அவள் கையைப் பிடிக்க வந்தான். அவள் கையைக் கைப்பிடிக் கம்பிக்கு மாற்றிக்கொண்டாள்.

"பெமிலா. நான்..."

"ரெண்டு செத்தது மிச்சம் கெடந்ததுனால நான் தப்பிச்சேன்" என்றாள். "அதும் இல்லாம இருந்தா?"

அவள் கீழ்ப்படியில் நின்று திரும்பினாள்.

"உங்களுக்க ரகசியத்துக்காவத்தான் இத்தன நாளும் எனக்க வாய் அடஞ்சு கெடந்தது. ஊரெல்லாம் எனக்கு வாழ்த்துச் சொல்லும்போ உள்ள நான் எரிஞ்சேன். இனி அத நான் சுமக்க மாட்டேன். வீட்டுக்குப் பெய்ட்டு மாமிட்ட நீங்க சொல்லணும். அறுத்தேன்னு. இவள இப்படிக் கேட்டேன்னும் சொல்லணும்."

"அம்மாட்டயா? அம்மா கேட்டா உன்னயும் சந்தேகப்படுவா பிள்ளே. அம்மைக்க நாக்கு உனக்கு அறியாதா?"

"படட்டும். அந்தப் பேப்பர அவியளுக்குக் காட்டாண்டாம். அது இல்லாம என்ன நம்ப இந்த வீட்டுல ஒரு ஆளு உண்டான்னு எனக்குத் தெரியணும். இல்லன்னா நான் சொன்ன மாதிரிதான். பிள்ளைய மூணயும் கூட்டிட்டு."

பஸ்ஸில் அவன் நின்றுகொண்டே வந்தான்.

அன்னக்கிளி பின்பக்கம் குந்தி உட்கார்ந்து மீன் அறுத்துக்கொண்டிருந்தாள். அடுத்த போட்டுக்காரர் ஒருவர் கொடுத்தனுப்பிய இன்னொரு பாறை. கல்லில் உரசி உரசிச் செதிலை எடுத்தாள். மூத்தவள் அபினா அருகில் நின்று பூனையைத் துரத்திக்கொண்டிருந்தாள். ஷாஜன் அவளை உள்ளே போகச் சொன்னான். பெமிலா கதவு நிலையில் சாய்ந்து நின்றாள்.

"அம்மா. நான் ஜூலையில ஆபரேஷன் செய்தேன். பிள்ள வேண்டாம்னு."

கத்தி நின்றது.

"முதுகுல ஊசின்னு சொன்னது?"

"அதுதான்."

"அதுக்குத்தான் காலு ரெண்டயும் அகட்டி அகட்டி நடந்தியா" என்றாள் அன்னக்கிளி. சிலுவை போட்டுக்கொண்டாள், மீன் ரத்தத்தோடேயே. பிறகு அவள் கண்கள் மெதுவாகத் திரும்பிப் பெமிலாவின் முகத்தில் வந்து நின்றன. அங்கிருந்து வயிற்றுக்கு. அங்கிருந்து திரும்ப முகத்துக்கு. பெமிலா நிலையிலிருந்து முதுகை எடுத்து நேராக நின்றாள்.

"எலே" என்றாள் அன்னக்கிளி, மகனிடம். "ரெண்டு நாளா இவளுக்க மொகம் செத்த மொகமாக் கெடக்கு. நீ தலைக்கறிய தொடல்ல. நீ இவகிட்ட எந்து கேட்ட?"

ஷாஜன் தரையைப் பார்த்தான்.

"எந்து கேட்டன்னு கேட்டேன்."

"யாருன்னு கேட்டேன்."

அன்னக்கிளி எழுந்தாள். கையிலிருந்த கத்தியைக் கல்லின்மேல் வைத்தாள்.

"ஆகஸ்டு மாசம் நீ வந்த ஆறு நாளும் பிள்ளைய மூணயும் எனக்க பாயில கொண்டு போட்டது யாரு? ஜெபம் முடியுதுக்கு முன்ன கதவ அடச்சது யாரு? எனக்க ரூமுக்கும் உனக்க ரூமுக்கும் நடுவுல கெடக்கியது சிமெண்டுச் செவரில்ல மக்கா, பிளைவுட்டு. எனக்குக் காது நல்லாத்தான் கேக்கும். யாருன்னு எனக்கிட்ட கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன்லா."

பெமிலா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். வெட்கமா, அழுகையா, சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை. மூன்றும் ஒன்றாக வந்து தோள் குலுங்கியது.

"நாளைக்குச் சாமியாருட்ட பெய்ட்டு வா" என்றாள் அன்னக்கிளி. "ரெண்டு பாவம் சொல்லணும் நீ. அறுத்தது சின்னது."

திரும்பவும் குந்தி உட்கார்ந்து மீனின் தலையை ஒரே வெட்டில் தனியாக எடுத்தாள். அதன் பிறகுதான் அவளுக்கு வேறொன்று உறைத்தது போலும். கத்தியைப் பிடித்தபடி மருமகளை நிமிர்ந்து பார்த்தாள். இந்த முறை அந்தப் பார்வையில் கோவில் வாசல் சந்தோஷம் இல்லை.

"மோளே, அப்ப மூணாவதுக்கு அத்தன ரத்தம் போனதுனாலயா இவன் போனான்? நாலாவது தாங்காதுன்னு டாக்டரு சொன்னாரா?"

"ஆமா மாமி."

"எனக்கிட்ட ஒரு வாக்கு சொல்லப்படாதா. நான் பாட்டுக்கு ஊரெல்லாம் சொல்லிட்டு நடந்தேன்." அவள் குரல் இறங்கியது. "ரத்தம் ஊறிய சாதனம் தின்னணும் நீ. வா, வந்து இரி."

மழை பிடித்துக்கொண்டது. எல்லாரும் உள்ளே உட்கார்ந்தார்கள். சம்பா அரிசிச் சோறும் கறியும் வந்தன. ஷாஜன் தட்டின் முன் தலைகுனிந்து இருந்தான்.

"திங்கக்கிழம போட்டு போவும்" என்றான். "நான் போவல்ல. அடுத்த ஸ்கேனுக்கு நானும் கூட வாறேன்."

"வாங்க" என்றாள் பெமிலா. "ஜெபிஷுக்க ஆட்டோலதான் போவோம்."

அவன் தலையாட்டினான். இது காலையில் சிஸ்டரிடம் ஆட்டிய ஆட்டம் இல்லை.

அன்னக்கிளி சட்டியில் அகப்பையை விட்டுப் பாறைத் தலையை முழுதாகத் தூக்கினாள். பழக்கத்தில் கை மகனின் தட்டுப் பக்கம் போனது. நடுவழியில் நின்றது. திரும்பி வந்து மருமகளின் தட்டில் இறக்கியது.

"இனி தல இவளுக்கு. உனக்கு வாலு."

பெமிலா தலையைப் பிளந்தாள். கன்னத்துச் சதை வெள்ளையாக, முழுதாகக் கழன்று வந்தது. அதை எடுத்தாள். எதிரே அவன் கண் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் அதைத் தன் வாயில் போட்டு மென்றாள்.

மற்றக் கன்னம் இன்னும் இருந்தது. அதைத் தொடாமல் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்தாள். கொடுக்கவில்லை. தின்னவும் இல்லை.